தட்டுக்குப் பதில் ஒரு டிக்கெட்

என் தங்கச்சி மகளுக்கு மூன்று வயது. கேமரன் மலையில், பிரிஞ்சாங்கில், ஞாயிற்றுக்கிழமை காது குத்து என்று முடிவு செய்து, மண்டபம் பிடித்து, ஆசாரிக்குச் சொல்லி, சமையலுக்கும் ஆள் பார்த்துவிட்டார்கள். ஒரே ஒரு சாமான் மட்டும் குறைந்தது. அது என் மடி.

எங்கள் ஆட்களிடம் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். தோடும் தாய்மாமன்தான் வாங்கிக்கொண்டு போக வேண்டும். என் தங்கச்சிக்கு அண்ணன் தம்பி என்று இருப்பவன் நான் ஒருவன்தான். ஆகவே இந்த உலகத்தில் அந்தப் பிள்ளைக்கு உரிய ஒரே மடி, சனிக்கிழமை சாயங்காலம் ஈப்போவுக்கு வெளியே ஜெலாப்பாங்கில், கைலி கட்டிக்கொண்டு, தொலைக்காட்சி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. காரணம் மிகவும் நியாயமானது. என்னை முறையாக அழைக்கவில்லை.

முறை என்றால் தட்டு. வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த தட்டோடு வீட்டுக்கே வந்து, இரண்டு கையாலும் நீட்டி, வந்துவிட வேண்டும் என்று சொல்ல வேண்டும். தங்கச்சி வரவில்லை. நான்கு வருடமாக எங்களுக்குள் பேச்சு வார்த்தை கிடையாது. அந்தப் பிள்ளையை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அதுவும் என் மனைவியின் கைப்பேசியில், அவள் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து.

என் மனைவி இந்தச் சண்டையில் சேரவே இல்லை. நாத்தனாரோடு தினமும் ஒரு மணி நேரம் பேசுவாள். நாங்கள் அண்ணனும் தங்கச்சியும் பேசாமல் இருப்பதற்குத் தேவையான எல்லாத் தகவல்களும் அவள் வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தன. சனிக்கிழமை காலையிலேயே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காரை எடுத்துவிட்டாள்.

"நீங்க தட்டு வரட்டும்னு உக்காந்திருங்க. நாங்க போயிட்டு வாரோம்" என்றாள்.

"போ. நான் தடுக்கலையே" என்றேன், பெரிய மனசோடு.

"நேத்து வச்ச கறி இருக்கு. சுட வச்சிக்குங்க."

அலமாரியில் என் சட்டைகளுக்கு அடியில் ஒரு சிவப்புப் பெட்டி இருந்தது. அதில் ஒரு ஜோடித் தோடு. இரண்டு மாதத்துக்கு முன்னால் லிட்டில் இந்தியாவில் நகைக்கடை நகைக்கடையாக ஏறி இறங்கி வாங்கியது. போகமாட்டேன் என்கிறவன் எதற்குத் தோடு வாங்கினான் என்று கேட்கக் கூடாது. கொள்கை வேறு, தோடு வேறு.

அன்று மாலை ஏழு மணிக்குக் கைப்பேசி சத்தம் போட்டது. தங்கச்சி. நான்கு வருடத்தில் முதல் தகவல். 'அண்ணே' இல்லை, 'வணக்கம்' இல்லை, ஒரு எழுத்து கிடையாது. ஒரு பஸ் டிக்கெட் மட்டும் இருந்தது. ஞாயிறு காலை எட்டு மணி, ஈப்போவிலிருந்து கேமரன் மலைக்கு, சீட்டு எண் ஒன்று. போவதற்கு மட்டும். திரும்பி வருவதற்கு எடுக்கவில்லை.

பிரமாதம் என்று நினைத்துக்கொண்டேன். மற்ற வீட்டுத் தாய்மாமன்களுக்கு வெற்றிலை பாக்கு. எனக்குக் கறுப்புக் கட்டம் போட்ட ஒரு சதுரம், வாசலில் காட்டினால் 'டிட்' என்று கத்தும். இதற்கெல்லாம் மசிகிற ஆளா நான்? அரை மணி நேரம் யோசித்தேன். பிறகு பட்டு வேட்டியை எடுத்து இஸ்திரி போட்டேன்.

ஈப்போ பஸ் நிலையம் ஈப்போவில் இல்லை. ஊருக்கு வெளியே, எங்கள் ஜெலாப்பாங்கைத் தாண்டி வைத்திருக்கிறார்கள். ஈப்போக்காரர்கள் ஈப்போ பஸ்ஸைப் பிடிக்க முதலில் ஒரு பயணம் போக வேண்டும். புறநகரில் குடியிருப்பதால் எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே சௌகரியம் இது. பக்கத்துக் கடையில் இரண்டு ரொட்டி சானாயும் கெட்டியாக ஆற்றிய தே தாரிக் டீயும் முடித்துவிட்டு, பட்டு வேட்டி, சந்தன நிற ஜிப்பா, பையில் தோடு என்று மாப்பிள்ளைக் கணக்காகப் போய் நின்றேன். மேலே போய் மாற்றிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். பஸ் பத்தரைக்குப் போய்ச் சேரும். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்கிவிடும். அதற்குள் காது குத்தியாக வேண்டும். அதைவிட முக்கியம், தாய்மாமன் இறங்கும்போதே தாய்மாமனாக இறங்க வேண்டும். சட்டை மாற்ற இடம் தேடுகிறவனை யார் மதிப்பார்கள்?

ஒன்றாம் எண் சீட்டு முன் கண்ணாடிக்கு நேராக இருந்தது. ஓட்டுநரின் பிடரி ஒரு பக்கம், மலை மொத்தமும் இன்னொரு பக்கம். வேண்டுமென்றே இங்கே போட்டிருக்கிறாள், நான் வருகிற அழகை ஊரே பார்க்கட்டும் என்று. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. நல்ல எண்ணம் வருவதற்கு எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

பக்கத்துச் சீட்டில் ஓர் அக்கா. அறுபது வயது இருக்கும். சித்தியவானிலிருந்து முதல் பஸ்ஸில் ஈப்போ வந்து, இங்கே மாறி ஏறியிருந்தார். மலையில் தானா ராத்தாவில் மகன் வீடு. அவர் உட்கார்ந்ததும் மடியில் ஒரு கைக்குட்டையை விரித்துக் கடை பரப்பினார். ஒரு எலுமிச்சம்பழம், ஒரு புட்டி தைலம், புளிப்புக்கு உப்புப் போட்ட அசாம் பழம், முக்கோணமாக மடித்த பிளாஸ்டிக் பைகள் ஏழெட்டு. மலைக்குப் போகிறாரா, மருத்துவ முகாம் நடத்தப் போகிறாரா என்று தெரியவில்லை.

"தம்பி, இந்தாங்க ஒரு பை. மேல வளைவு ஜாஸ்தி லா" என்று ஒரு முக்கோணத்தை நீட்டினார்.

"வேணாங்கா. எனக்கு அதெல்லாம் வராது."

இது பொய். சின்ன வயதில் ரப்பர் தோட்டத்திலிருந்து லூமூட் கடற்கரைக்கு லாரியில் அழைத்துப் போவார்கள். அந்த வழியில் மேடும் இல்லை, வளைவும் இல்லை. அதிலேயே நான் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை வாந்தி எடுப்பேன். என்னைவிட ஆறு வயது சின்னவளான தங்கச்சிதான் என் நெற்றியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். ஆனால் நாற்பத்தெட்டு வயதில், பட்டு வேட்டியில், இதையெல்லாம் ஓர் அந்நியரிடம் ஒப்புக்கொள்ள முடியுமா?

பஸ் சிம்பாங் பூலாயைத் தாண்டியது. வெட்டித் தின்ற சுண்ணாம்புக் குன்றுகள் பின்னால் போயின. ஏறத் தொடங்கியதும் ஓட்டுநருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மேட்டில் முன்னால் போகிற எந்த லாரியும் அவருக்குச் சொந்த விரோதி. வளைவில்தான் முந்துவார், ஏனென்றால் நேர் சாலையில் யார் வேண்டுமானாலும் முந்தலாம். குளிர்சாதனமோ, மலை குளிராமல் நம்மை ஏமாற்றிவிடுமோ என்று பயந்து முன்கூட்டியே குளிரைக் கொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் அக்கா கண்ணை மூடி, "ஆண்டவரே" என்று தொடங்கி, வளைவு முடிந்ததும் "ஆமென்" என்று முடித்தார். சில வளைவுகள் ஜெபத்தைவிட நீளமாக இருந்தன.

நடுவில் கிடைத்த சின்ன நேர்ப் பாதையில் என் வேட்டியைப் பார்த்தார். "கல்யாணமா தம்பி?"

"காது குத்து. தங்கச்சி மக."

"அப்ப தாய்மாமன்! சந்தோசம். தட்டு வச்சுக் கூப்புட்டாங்களா?"

பாருங்கள், சித்தியவான் அக்காவுக்கே தெரிகிறது முறை. நான் என் வழக்கை அவரிடம் எடுத்து வைத்தேன். தட்டு இல்லை, ஒரு வார்த்தை இல்லை, வெறும் டிக்கெட், அதுவும் ஒருவழி. அக்கா கவனமாகக் கேட்டார். அசாம் பழம் ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுக்கு முன்ன அது உங்களுக்குத் தட்டே வச்சதில்லையா?"

வைத்தாள். சிக்கலே அங்கேதான்.

நான்கு வருடத்துக்கு முன்னால், அப்பா இல்லாத வீட்டில் மூத்தவன் என்கிற கெத்தில், தங்கச்சிக்கு நான் ஒரு வங்கிக் குமாஸ்தாவைப் பார்த்து வைத்திருந்தேன். அவள் தானாகவே ஒருவரைப் பார்த்துவிட்டாள். கேமரனிலிருந்து ஈப்போ சந்தைக்கு லாரியில் காய்கறி இறக்குகிறவர். "போயும் போயும் லாரிக்காரனா?" என்றேன். சொன்னது யார்? ரப்பர் மரம் சீவியவரின் மகன். இப்போது ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி எண்ணுகிறவன். ஒரு தலைமுறையில் ரப்பர் பாலிலிருந்து ரப்பர் விரலுக்கு முன்னேறிவிட்ட குடும்பம், கௌரவத்துக்குக் கேட்கவா வேண்டும்?

கல்யாணத்துக்கு அழைக்க அவள் தனியாக வந்தாள். மழை நாள். தட்டை மட்டும் நனையாமல் கொண்டுவந்திருந்தாள். இரண்டு கையாலும் நீட்டி, "அண்ணே, வந்துருண்ணே" என்றாள். நான் நாளிதழைக் கீழே இறக்கவில்லை. கையை நீட்டவில்லை. 'வச்சிட்டுப் போ' என்றுகூடச் சொல்லவில்லை. அவள் எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் விளையாட்டுச் செய்தி படித்துக்கொண்டிருந்தேன். பிறகு பழம் உருண்டுவிடாமல் தட்டைச் சரித்துப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள். கல்யாணத்துக்கு நான் போகவில்லை.

அக்காவிடம் இதைக் கொஞ்சம் சுருக்கி, "நானும் அன்னைக்குக் கொஞ்சம் கோவப்பட்டுட்டேன்" என்று சொன்னேன்.

அக்காவுக்குச் சுருக்கியதும் புரிந்தது, விட்டதும் புரிந்தது. "நீட்டுனப்ப வாங்கல. இப்ப நீட்டலைன்னு கோவமா? நல்லா இருக்கு தம்பி உங்க ஞாயம்" என்றார். பிறகு அந்த முக்கோணத்தை மறுபடியும் நீட்டினார். "மொகம் வெளுத்துப் போச்சு. இதையாவது வாங்கிக்கங்க லா."

"வேணாங்கா" என்றேன். பழக்கதோஷம்.

அடுத்த வளைவு வலது பக்கம். அதற்கடுத்தது இடது. மூன்றாவது வளைவில் ஓட்டுநர் ஒரு கீரை லாரியை முந்தினார். என்னுள்ளே ரொட்டி சானாய் தே தாரிக்கை முந்தியது. ஒரே குனியல்தான். மருமகள் உட்காருவதற்காக இஸ்திரி போட்டு, சுருக்கம் விழாமல் பாதுகாத்து எடுத்து வந்த அதே மடியில், எல்லாம் வந்து இறங்கியது.

பஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். "அதெல்லாம் வராது" என்று நான் சொன்னதைக் கேட்ட ஒரே சாட்சி அக்காதான். ஈரத்தாளால் துடைத்துவிட்டார், தைலத்தை என் நெற்றியில் தேய்த்தார், எலுமிச்சம்பழத்தை என் கையில் திணித்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஓட்டுநர் மட்டும் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, குளிர்சாதனத்தை இன்னும் கூட்டினார்.

கம்போங் ராஜாவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றது. பள்ளி விடுமுறை. சமவெளியில் இருக்கும் அத்தனை குடும்பங்களும் ஸ்ட்ராபெரி வாங்க மலை ஏறியிருந்தன. புளிக்கிற பழத்துக்காக மூன்று மணி நேரம் காரில் உட்காருகிற ஜனங்கள். முன் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மலையைச் சுற்றிச் சிவப்பு விளக்குகள், கண்ணுக்கு எட்டியவரை. மணி பத்தே முக்கால்.

மனைவி அழைத்தாள். "எங்க இருக்கீங்க?"

"வந்துட்டேன். பக்கத்துலதான்."

"எதுக்குப் பக்கத்துல?"

வெளியே எட்டிப் பார்த்தேன். "சோளம் விக்கிற கடைக்குப் பக்கத்துல."

"அந்த மலை முழுக்க சோளக்கடைதான்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பதினொன்று அடித்தது. பஸ் மூன்று கார் நீளம் நகர்ந்திருந்தது. எமகண்டத்துக்கு ஒரு மணி நேரம். பையில் தோட்டுப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். போகமாட்டேன் என்று நான்கு வருடம் சபதம் போட்ட நான், போக முடியாதோ என்றதும் நிமிடத்துக்கு ஒரு தரம் மணி பார்க்கத் தொடங்கினேன். வேறு யாராவது சொந்தக்காரர் மடியில் பிள்ளையை உட்கார வைத்து முடித்துவிடுவார்கள். நாளைக்கு அவள் பெரியவளாகிக் கேட்டால், உன் மாமன் சோளக்கடைக்குப் பக்கத்தில் இருந்தார் என்று சொல்லுவார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடலாமா என்றுகூட நினைத்தேன். என் மடி இருந்த நிலையில் ஓடினால் நாய் துரத்தும்.

அப்போதுதான் எதிர்ப்பக்கமாக, கார்களின் ஓரத்தில் புகுந்து புகுந்து ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் வந்தது. ஓட்டியவர் வரிசையில் நின்ற ஒவ்வொரு பஸ்ஸின் முன் கண்ணாடியையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் பஸ்ஸைப் பார்த்ததும் நிறுத்தினார். ஒரு தலைக்கவசம் தலையில், இன்னொன்று கையில். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் தெரிந்துவிட்டது. லாரிக்காரர்.

ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டார், என்னை இறக்கிவிடுவதில் அவருக்கும் ஓர் ஆர்வம் இருந்தது. அக்கா ஒரு முக்கோணத்தை என் ஜிப்பாப் பையில் தானே செருகினார், நீட்டிப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்து.

"வாங்க மச்சான். நேரமாச்சு, ஏறுங்க" என்றார் அவர். நான்கு வருடக் கோபத்துக்கு நான் தயாரித்து வைத்திருந்த பதில்கள் ஒன்றுக்கும் இதில் இடம் இல்லை.

"மாப்பிள்ள, என் வேட்டி..." என்றேன்.

"பரவால்ல மச்சான். நான் முட்டகோஸ் மூட்ட, கோழி உரம் எல்லாம் ஏத்துற ஆளு. ஏறுங்க."

தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். நான் அதைப் போட்டுக்கொண்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நிமிடத்தில் அவர் சட்டை முதுகிலும் என் ரொட்டி சானாய். ஸ்ட்ராபெரி ஜனங்கள் காருக்குள்ளிருந்து படம் எடுத்தார்கள். தாய்மாமன் இப்படியாக, நினைத்ததைவிடக் கம்பீரமாக, பிரிஞ்சாங் நகருக்குள் நுழைந்தான்.

"குளுருதா மச்சான்?" என்று மட்டும் வழியில் கேட்டார்.

"இல்ல" என்றேன். பல் கிட்டியது.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று நாற்பது. நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் பாதியில் நின்றது. சொந்தம் மொத்தமும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெல்லக் கீழே பார்வையை இறக்கி, என் மடியில் நிறுத்தியது. என் பிள்ளைகள் என்னைத் தெரியாதவர்கள் மாதிரி திரும்பிக்கொண்டார்கள். ஆசாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

தங்கச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், அவற்றின் மேல் மடிப்புக் கலையாத புது வேட்டி. என் முன்னால் நின்று இரண்டு கையாலும் நீட்டினாள்.

என் கை நாறியது. ஜிப்பாவில் துடைத்தேன், ஜிப்பா அதைவிட மோசம். அந்த ஒரு நொடி அவள் கை அந்தரத்தில் நின்றது. அன்று எவ்வளவு நேரம் நின்றிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ்ஸில் நாற்பது பேர் முன்னால் வராத வெட்கம் எனக்கு அங்கே வந்தது. தட்டை வாங்கிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மலைக்காற்று என்று சொல்லிக்கொள்ள மண்டபத்துக்குள் காற்றும் இல்லை.

"சீக்கிரம் மாத்திட்டு வாண்ணே. எமகண்டம் வந்துரும்" என்றாள்.

பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருந்தபோது, கழுவித் துடைத்துப் புது வேட்டி கட்டிய என் மடியில் மருமகளை உட்கார வைத்தார்கள். கனமான பிள்ளை. என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, மூக்கைச் சுளித்தாள். முதல் காதுக்கு அழுதாள். இரண்டாவது காதுக்கு என் கட்டைவிரலைக் கடித்தாள். நான் வாங்கிய தோடு கொஞ்சம் பெரிதுதான், ஆனால் யாரும் சொல்லவில்லை.

சாப்பிடும்போது மனைவியிடம் கேட்டேன், "தாய்மாமனுக்கு வேட்டி வைக்கிறது அவங்க வீட்டு முறையா?"

"மொறையும் இல்ல ஒன்னும் இல்ல. நீங்க எப்படியும் வாந்தி எடுத்துட்டுத்தான் வருவீங்கன்னு போன மாசமே வாங்கி வச்சிட்டா. முன்னால சீட்டு பாத்துப் போட்டதும் அதுக்குத்தான்" என்றாள், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

மாலையில் எங்கள் காரிலேயே கிளம்பினோம். அதனால்தான் திரும்புகிற டிக்கெட் இல்லை. மாப்பிள்ளை பின்பெட்டியில் ஒரு மூட்டை முட்டைக்கோஸ் ஏற்றினார். நான் முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் தங்கச்சி சன்னல் பக்கம் வந்தாள். கையை உள்ளே நீட்டினாள். ஒரு பிளாஸ்டிக் பை.

"எறங்கறப்பவும் வரும்ல" என்றாள்.

நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.